வயிறு ஆறும் வரை மாற்றுப் பால்



"டீச்சர், பிள்ளைக்கு வயிற்றாலே போய்ப் பத்து நாளாகிறது. காய்ச்சல் விட்டுவிட்டது, வாந்தியும் நின்றுவிட்டது. ஆனால் பால் கொடுத்த கொஞ்ச நேரத்தில் நுரை நுரையாகத் தண்ணீராய்ப் போகிறது. இது பால் ஒத்துக்கொள்ளாத பிள்ளை, இனிமேல் வேறு டின் பால்தான் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். கடையில் அந்த டின்னின் விலையைக் கேட்டால் தலை சுற்றுகிறது. நான் என்ன செய்வது?"

தோட்டத்து லயங்களிலும் சரி, பட்டணத்து அடுக்குமாடி வீடுகளிலும் சரி, புட்டிப் பால் கொடுக்கும் தாய்மார்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்கும் தாய்க்கு இரண்டு கவலைகள். ஒன்று பிள்ளையின் வயிறு; மற்றொன்று சம்பளத் தேதி. இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் இந்த மாதப் பகுதியை எழுதுகிறேன். மருத்துவர்களும் தாதியரும் தாய்மார்களுக்குச் சொல்லும் செய்திகளையே நம் வீட்டு நடைமுறைக்கு ஏற்றபடி இங்கே தொகுத்திருக்கிறேன். பிள்ளையை நேரில் பார்க்கும் டாக்டரின் சொல்லே முடிவான சொல்.

முதலில் ஓர் ஆறுதல். பேதிக்குப் பிறகு வரும் இந்தத் தொல்லை பெரும்பாலும் தற்காலிகமானது. சில நாட்களில் அல்லது சில வாரங்களில் போய்விடும். ஆகவே நம் செலவும் அந்தச் சில வாரங்களுக்கு உரியதாகவே இருக்க வேண்டும்.

குடலுக்குள் நடப்பது என்ன?

பாலில் இயற்கையாகவே ஒரு சர்க்கரை இருக்கிறது. அதற்கு லாக்டோஸ் என்று பெயர். தாய்ப்பால், பசும்பால், ஆட்டுப்பால், சாதாரண டின் பால் மாவு எல்லாவற்றிலும் அது உண்டு. கரைத்த டின் பால் 100 மில்லி லிட்டரில் ஏறக்குறைய 7 கிராம் லாக்டோஸ் இருக்கும். 150 மில்லி லிட்டர் போத்தல் ஒன்றைக் குடித்து முடிக்கும் பிள்ளையின் வயிற்றுக்குள் இரண்டு தேக்கரண்டி அளவு பால் சர்க்கரை போகிறது.

இந்தச் சர்க்கரையை உடைத்து உடம்பில் சேர்க்க லாக்டேஸ் என்ற செரிமானச் சத்து வேண்டும். சிறுகுடலின் உட்புறம் வழவழப்பாக இல்லாமல் பூந்துவாலையைப் போல நுண்ணிய இழைகளோடு இருக்கிறது. அந்த இழைகளின் நுனியில்தான் லாக்டேஸ் உண்டாகிறது. பேதிக் கிருமிகள் முதலில் தாக்குவதும் இந்த நுனிகளைத்தான்.

பிள்ளைகளுக்குக் கடும் பேதியை உண்டாக்கும் கிருமிகளில் ரோட்டா வைரஸ் முக்கியமானது. 1973இல் ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் ரூத் பிஷப் என்ற பெண் விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும், பேதி கண்ட பிள்ளைகளின் சிறுகுடல் தோலைச் சிறிதளவு எடுத்து மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தபோது இந்தக் கிருமியைக் கண்டார்கள். அது ஒளிந்திருந்த இடம் குடலின் உள்தோலிலேயே இருந்தது.

நுனி தேய்ந்த குடலால் பால் சர்க்கரையை உடைக்க முடிவதில்லை. உடையாத சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுக்கிறது, மலம் தண்ணீராகிறது. பெருங்குடலில் உள்ள நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரையைப் புளிக்க வைக்கின்றன; வயிறு உப்புகிறது, காற்றுப் பிரிகிறது, மலம் நுரைத்துப் புளித்த வாடை அடிக்கிறது. அந்தப் புளிப்பு பட்டுப் பிள்ளையின் ஆசனவாயைச் சுற்றித் தோல் சிவந்து எரிகிறது. பால் குடித்ததும் பிள்ளை காலை மடக்கிக்கொண்டு அழுவதன் காரணமும் இதுதான்.

பால்மரம் சீவியவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சீவிய இடத்தில் புதுப்பட்டை வளரும் வரை அந்தப் பக்கம் கத்தி வைப்பதில்லை. மரத்துக்குப் பட்டை வளர ஆண்டுகள் ஆகும். பிள்ளையின் குடலுக்கோ சில நாட்களோ, சில வாரங்களோ போதும். அதுவரை அதற்குச் சற்று ஓய்வு வேண்டும். அவ்வளவுதான்.

எல்லாப் பேதிக்கும் பால் மாற்ற வேண்டியதில்லை

பேதி கண்ட மறுநாளே கடைக்கு ஓடிப் பாலை மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். அது தேவையற்ற செலவு. பெரும்பாலான பிள்ளைகள் வழக்கமான பாலைக் குடித்துக்கொண்டே ஒரு வாரத்தில் தேறிவிடுகிறார்கள். பேதி ஒரு வாரத்தைத் தாண்டினாலோ, ஒவ்வொரு முறை பால் குடித்த பிறகும் நுரைத்த மலம் பீறிட்டுப் போனாலோதான் பால் சர்க்கரையைச் சந்தேகிக்க வேண்டும். அப்போதும் நாமாக முடிவு செய்யாமல் அரசாங்கக் கிளினிக்கில் காட்டுங்கள். குடிமக்களுக்கு அங்கே ஒரு வெள்ளிதான் கட்டணம். மலத்தில் உடையாத சர்க்கரையும் புளிப்பும் இருக்கின்றனவா என்று எளிய சோதனை செய்து பார்க்கவும் வழியுண்டு.

தாய்ப்பாலும் புட்டிப் பாலும் சேர்த்துக் கொடுப்பவர்கள் தாய்ப்பாலை நிறுத்தவே கூடாது. அதிலும் லாக்டோஸ் இருக்கிறதே என்று கேட்கலாம். இருந்தாலும் அதில் உள்ள நோய் எதிர்ப்புச் சத்து பிள்ளையைத் தேற்றும். காசும் மிச்சம்.

வேறொன்றையும் இதனோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. மலத்தில் இரத்தம், உடம்பில் தடிப்பு, கரப்பான், மூச்சில் இழுப்பு ஆகியவை கண்டால் அது பாலின் புரதம் ஒத்துக்கொள்ளாத ஒவ்வாமையாக இருக்கலாம். அதற்கு லாக்டோஸ் நீக்கிய பால் உதவாது; அதிலும் பசும்பால் புரதம் இருக்கிறது. அந்தப் பிள்ளையை டாக்டர்தான் பார்க்க வேண்டும்.

முதல் மருந்து உப்பு நீர்

பால் எதுவானாலும், போகிற தண்ணீரை ஈடு செய்வதுதான் முதல் வேலை. ஓ.ஆர்.எஸ். தூள் கிளினிக்கில் கிடைக்கும். மருந்துக் கடையிலும் விலை குறைவுதான். ஒரு பொட்டலத்துக்கு எவ்வளவு தண்ணீர் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும். சில பொட்டலங்கள் ஒரு குவளை நீருக்கு, சில ஒரு லிட்டருக்கு. பொட்டலத்தில் உள்ள அளவைப் பார்த்துக் காய்ச்சி ஆறவைத்த நீரில் கரையுங்கள். அதில் சீனி, பால், பழச்சாறு எதுவும் சேர்க்காதீர்கள். இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு ஒவ்வொரு முறை பேதி போன பிறகும் 50 முதல் 100 மில்லி லிட்டர் வரை கொடுக்கலாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. கரண்டி கரண்டியாக, நிதானமாகக் கொடுங்கள். வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து மறுபடியும் மெல்லக் கொடுங்கள். கரைத்தது 24 மணி நேரத்துக்குப் பிறகு ஆகாது.

கேஸ் போட்ட குளிர்பானம், விளையாட்டுக்காரர்கள் குடிக்கும் பானம், தேநீர் ஆகியவை இதற்கு ஈடாகா. அவற்றின் சீனி பேதியைக் கூட்டும். பெரியவர்களுக்கு வாங்கிய பேதி மாத்திரையைப் பொடித்துக் கொடுப்பது உயிருக்கே ஆபத்து.

பாலில் தண்ணீரைக் கூட்டாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டு முறை படியுங்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். தாய் செம்பனைக் காட்டு வேலைக்குப் போகிறவர். ஐந்து மாதப் பிள்ளைக்குப் பேதி வந்ததும் லாக்டோஸ் இல்லாத பாலை வாங்கினார்கள். பேதி நின்றது. பழைய பாலைத் தொட்டால் மறுபடியும் வந்துவிடுமோ என்ற பயத்தில் அதே விலை உயர்ந்த டின்னையே மாதக் கணக்கில் தொடர்ந்தார்கள். கையிருப்புக் குறைந்தபோது பாட்டி ஒரு வழி கண்டுபிடித்தார். நான்கு கரண்டி போட வேண்டிய இடத்தில் இரண்டரை கரண்டி. போத்தல் நிறைந்துதான் இருந்தது. பிள்ளையும் குடித்தது. ஆனால் கிளினிக் புத்தகத்தில் எடைக்கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டது.

கிளினிக்குத் தாதி யாரையும் ஏசவில்லை. "வீட்டில் கரைப்பது போலவே இங்கே ஒரு போத்தல் கரைத்துக் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னார். கரண்டியை எண்ணியதும் விஷயம் வெளியே வந்தது. பழைய பாலுக்குத் திரும்ப வழி சொல்லி அனுப்பினார். வழக்கமான பாலைச் சரியான அளவில் குடித்ததும் எடைக்கோடு மீண்டும் ஏறியது. அந்தப் பாட்டி கருமி அல்லர். பேரப்பிள்ளையின் மேல் உயிரையே வைத்திருப்பவர். டின் தீர்ந்துவிடக் கூடாதே என்ற கவலைதான் அவரை அப்படிச் செய்ய வைத்தது.

நீர்த்த பால் வயிற்றை நிரப்பும், உடம்பை வளர்க்காது. பேதியில் இளைத்த பிள்ளைக்குத்தான் முழுச் சத்து அதிகம் வேண்டும். அளவை மீறிக் கெட்டியாகக் கரைப்பதும் தவறு. டின்னில் எழுதிய அளவு, அந்த டின்னோடு வந்த கரண்டி, தலை தட்டிய அளவு. இதுவே சட்டம்.

விலை குறைவு என்பதற்காகக் கட்டிப்பாலுக்குப் போவதும் கூடாது. அதில் சரிபாதிக்கு நெருக்கமாகச் சீனிதான். லாக்டோஸும் அதில் உண்டு. நம் நாட்டில் இது பழைய கதை. 1936இல் மலாயாவுக்கு வந்து பணிபுரிந்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ் என்ற அம்மையார், கட்டிப்பாலைக் குழந்தை உணவென்று விற்பதைக் கண்டித்து 1939இல் சிங்கப்பூரில் ஓர் உரை நிகழ்த்தினார். அந்த உரைக்கு அவர் வைத்த தலைப்பு "பாலும் கொலையும்". ஒரு டாக்டர் அவ்வளவு கடுமையான சொல்லை எடுத்தார் என்றால், அவர் பார்த்த பிள்ளைகளின் நிலை எப்படி இருந்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

பசார் மாலாமில் விற்கும் சோயாப் பால், பார்லி நீர், அரிசிக் கஞ்சித் தெளிவு, பெரியவர்களுக்கென்று பெட்டியில் வரும் லாக்டோஸ் இல்லாத பால் ஆகிய எதுவும் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளையின் பாலுக்கு ஈடாகாது. ஆட்டுப்பால் நல்லது என்பாரும் உண்டு. அதிலும் அதே லாக்டோஸ்தான்.

மாற்றுப் பால் வாங்கும் கணக்கு

டாக்டர் மாற்றுப் பால் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். பயப்படாமல் பென்சிலை எடுங்கள்.

பிள்ளையின் எடை 6 கிலோ என்றால், கிலோவுக்கு 150 மில்லி லிட்டர் வீதம் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 900 மில்லி லிட்டர் பால். 100 மில்லி லிட்டருக்குச் சுமார் 13 கிராம் மாவு. ஆக ஒரு நாளைக்கு 117 கிராம். 400 கிராம் டின் ஒன்று மூன்றரை நாளைக்குக் கிட்டத்தட்ட வரும். இரண்டு வாரத்துக்கு நான்கு டின் போதும்.

இதையே பயத்தில் ஆறு மாதம் தொடர்ந்தால் ஏறக்குறைய ஐம்பது டின். பிள்ளை சோறு, கஞ்சி சாப்பிடத் தொடங்கினால் சற்றுக் குறையும். ஆனாலும் நான்குக்கும் ஐம்பதுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். குடும்பத்தின் பணம் போவது அந்தத் தூரத்தில்தான்.

சிக்கனத்துக்கு இன்னும் சில வழிகள்:

எத்தனை நாளைக்கு இந்தப் பால் என்பதை டாக்டரிடம் அன்றே கேட்டு, நாள்காட்டியில் குறித்து வையுங்கள்.

ஒரே தடவையில் நிறைய வாங்காதீர்கள். சிறிய டின்னாக ஒவ்வொன்றாக வாங்குங்கள். சீக்கிரம் தேறிவிட்டால் மிச்சமாகும் டின் வீண்.

இரண்டு மூன்று கடைகளில் விலை கேளுங்கள். டின் அளவு வெவ்வேறாக இருந்தால் 100 கிராமுக்கு என்ன விலை என்று பாருங்கள். 400 கிராம் டின் என்றால் விலையை நான்கால் வகுத்தால் போதும். ஒரே வேலையைச் செய்யும் இரண்டு டின்களில் மலிவானதை எடுப்பதால் பிள்ளைக்குக் குறைவொன்றும் இல்லை. டின்னில் "பெபாஸ் லக்தோசா" அல்லது "லாக்டோஸ் ஃப்ரீ" என்று இருக்க வேண்டும்; பிள்ளையின் வயதுக்கு உரியதாகவும் இருக்க வேண்டும்.

குழந்தைகளுக்கென்றே தயாரித்த சோயா மாவுப்பாலிலும் லாக்டோஸ் கிடையாது. சில இடங்களில் அது விலை குறைவாகக் கிடைக்கும். ஆனால் ஆறு மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்கு டாக்டர் சொன்னால் மட்டுமே கொடுக்க வேண்டும். குறைமாதத்தில் பிறந்த பிள்ளைக்கு அது ஏற்றதல்ல.

திறந்து வைத்த பழைய பால் டின்னைத் தூக்கி எறியாதீர்கள். மூடியை இறுக்கி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். திறந்த பின் எத்தனை வாரத்துக்கு ஆகும் என்று டின்னிலேயே போட்டிருக்கும். பல டின்களில் மூன்று அல்லது நான்கு வாரம். பிள்ளை அதற்குள் தேறினால் அதே டின்னுக்குத் திரும்பலாம்.

உண்மையிலேயே கையில் காசில்லை என்றால் வெட்கப்படாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். பெரிய அரசாங்க மருத்துவமனைகளில் மருத்துவச் சமூகப்பணிப் பிரிவு உண்டு. ஏழைக் குடும்பங்களுக்கு வழிகாட்டுவது அவர்களுடைய கடமை. கேட்பது குறைவல்ல, கேட்காமல் பாலை நீர்க்கச் செய்வதுதான் பிள்ளைக்குக் கேடு.

ஆறு மாதம் கடந்த பிள்ளைக்கு

இந்தப் பிள்ளைகளின் பாடு சுலபம். அரிசிக் கஞ்சியை நன்றாகக் குழைத்து, அதில் கோழி இறைச்சி, கேரட், உருளைக்கிழங்கு எதையாவது வேகவைத்து மசித்து, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுக் கொடுங்கள். வாழைப்பழமும் நல்லது. சீனி போடாத தயிரைச் சில பிள்ளைகளின் வயிறு ஏற்றுக்கொள்ளும். உறையும்போதே பால் சர்க்கரையில் ஒரு பகுதி குறைந்துவிடுகிறது. கொஞ்சமாகக் கொடுத்துப் பாருங்கள்.

கடையில் வாங்கும் குழந்தை உணவுப் பெட்டியிலும் பிஸ்கட்டிலும் பால் மாவு கலந்திருக்கும். பாலை மாற்றிவிட்டு அதைக் கொடுத்துக்கொண்டிருந்தால் பேதி நிற்காது. பெட்டியின் பின்புறம் "சூசு", "லக்தோசா" என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளை படித்துச் சொல்லட்டும்.

பிள்ளையைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லுங்கள்

விடியற்காலையில் பெரட்டுக்கும் தொழிற்சாலைக்கும் போகும் தாய்மார்கள் பிள்ளையை ஆயாவிடமோ, பக்கத்து வீட்டிலோ விட்டுச் செல்கிறார்கள். மாற்றுப் பால் எதற்கு, எத்தனை கரண்டி, எத்தனை நாள் என்பதை ஒரு தாளில் எழுதி டின்னிலேயே ஒட்டிவிடுங்கள். தண்ணீரைக் கொதிக்க வைத்து, சூடு அதிகம் ஆறுவதற்கு முன்பே மாவைக் கரைத்து, பிறகு ஆற வைத்துக் கொடுக்க வேண்டும். மாவில் கிருமி இருந்தாலும் அந்தச் சூட்டில் சாகும். குடித்து மிஞ்சிய பாலை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. பிள்ளையின் துணி மாற்றிய பிறகு சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். ஒரு பிள்ளையின் பேதி ஆயாக் கொட்டகை முழுவதும் பரவுவது கைகளின் வழியாகத்தான்.

பழைய பாலுக்குத் திரும்பும் வழி

டாக்டர் சொன்ன நாட்கள் முடிந்து மலமும் கெட்டிப்பட்டு விட்டதா? இனித் திரும்பலாம். பிள்ளை நாளைக்கு ஆறு போத்தல் குடித்தால், முதல் இரண்டு நாள் அதில் ஒரு போத்தல் மட்டும் பழைய பால். அடுத்த இரண்டு நாள் மூன்று போத்தல். அதன் பிறகு முழுவதும் பழைய பால். டாக்டர் வேறு முறை சொன்னால் அதையே பின்பற்றுங்கள். மலம் சற்று இளகுவதால் பயம் வேண்டாம். மறுபடியும் தண்ணீராகப் போனால் மட்டும் மாற்றுப் பாலையே இன்னும் ஒரு வாரம் தொடர்ந்து, பிறகு திரும்ப முயலுங்கள். அப்போதும் முடியவில்லை என்றால் கிளினிக்கில் காட்டுங்கள்.

பிறவியிலேயே லாக்டேஸ் இல்லாத பிள்ளை மிக மிக அரிது. நம்மவர்களில் பலருக்கு வளர்ந்த பிறகு பால் ஒத்துக்கொள்ளாமல் போவதுண்டு. அது வேறு சங்கதி. கைக்குழந்தைப் பருவத்தில் அது வருவதில்லை. ஆகவே ஒரு பேதியை வைத்துப் பிள்ளைக்குப் "பால் ஆகாத பிள்ளை" என்று பட்டம் கட்டிவிடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத நேரம்

கண் குழி விழுதல், உச்சிக்குழி உள்வாங்குதல், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எழுப்பினாலும் கண் சொக்குதல், எதையும் குடிக்க முடியாமை, விடாத வாந்தி, மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று கண்டாலும் அந்த நிமிடமே மருத்துவமனைக்குப் புறப்படுங்கள். மூன்று மாதத்துக்குட்பட்ட பிள்ளைக்குப் பேதி என்றால் எந்த அறிகுறிக்கும் காத்திருக்க வேண்டாம். பேதி 14 நாளைத் தொட்டுவிட்டாலும் டாக்டர் பார்த்தே ஆக வேண்டும். தோட்டத்தில் வாகனம் இல்லையென்று விடியும் வரை காத்திருக்காதீர்கள். கிராணியார் வீட்டுக் கதவையும் தட்டலாம், 999க்கும் போன் செய்யலாம்.

ரோட்டா வைரசுக்குத் தடுப்பு மருந்து உண்டு. வாயில் ஊற்றும் சொட்டு மருந்துதான். பிள்ளை பிறந்த முதல் மாதங்களிலேயே கொடுக்க வேண்டியது என்பதால், அடுத்த முறை கிளினிக்குப் போகும்போது அது பற்றித் தாதியிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள் நம் பெரியவர்கள். வீட்டுச் செலவுக்கு அது பொருந்தும். பிள்ளையின் பால் கரண்டிக்குப் பொருந்தாது. செலவைக் குறைக்க வேண்டுமானால் நாட்களைக் குறையுங்கள், கரண்டியைக் குறைக்காதீர்கள்.